பாவுத் தெருவில் பால் சைக்கிள்

ஒரு ஆள் எப்படிப்பட்டவன் என்று தெரிய வேண்டுமானால் அவனோடு பேசிப் பார்க்க வேண்டியதில்லை. அவன் சைக்கிளில் போகும்போது எதிரே இடுப்பில் குடத்தோடு ஒரு பெண் வந்தால் என்ன செய்கிறான் என்று பார்த்தால் போதும். இது என் கட்சி. ஆரணியில் நெசவுத் தெருவின் ஆற்றுப் பக்கத்து முனையில் தையல் கடை வைத்திருக்கிறேன். மெஷினை வாசலைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறேன். காலுக்கு வேலை, கைக்கு வேலை, கண் மட்டும் எதற்குச் சும்மா இருக்க வேண்டும்? என் ஜாக்கெட்டுகள் சில சமயம் கோணிக்கொண்டு போவதற்கு அதுதான் காரணம் என்று என் மனைவி ஜெயம் சொல்லுவாள். சொல்லட்டும்.

எத்தனை விதமான சைக்கிள்காரர்களைப் பார்த்திருக்கிறேன்! நடந்து போகிறவரின் காதுக்குப் பின்னால் வந்து மணியடித்து, அவர் துள்ளுவதைப் பார்த்துச் சிரிக்கிறவன் ஒருவன். தெருவையே அடைத்துக்கொண்டு தோளில் கைபோட்டபடி பேசிப் போகிற கும்பல் ஒன்று. அடுத்தவர் வீட்டுச் சுவரில் காலை ஊன்றிக்கொண்டு, இறங்காமலேயே அரை மணி நேரம் நியாயம் பேசுகிறவர் ஒருவர். மழைக்காலத்தில் பள்ளத்துத் தண்ணீரை ஒரு குடும்பத்தின் மேலேயே வாரியடித்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போன பெரிய மனிதர் ஒருவர் உண்டு. அவர் இன்றைக்கும் என்னிடம்தான் சட்டை தைக்கிறார். அவர் சட்டைக்கு மட்டும் பட்டனை நான் கொஞ்சம் தளர்வாகவே வைப்பேன்.

இந்தக் கூட்டத்தில் எதிலும் சேராத ஒருத்தி கண்ணகி. எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் பால் கேன் கட்டிய சைக்கிளை ஓட்டிய பெண் அவள் ஒருத்திதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்தது சந்தவாசல் பக்கம். புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, மேலே புருஷனுடைய பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பார் வைத்த ஆண்கள் சைக்கிளில் வருவாள். பின்னால் கேரியருக்கு இரண்டு பக்கமும் இரண்டு கேன். பார்க்கிறவர்களுக்கு முதலில் சிரிப்பு வரும். அவள் பக்கத்தில் வந்து, "கொஞ்சம் ஓரம் வாங்கண்ணா" என்று சிரித்துக்கொண்டே சொன்னதும், சிரித்தவனே வெட்கப்பட்டு ஓரம் போய்விடுவான்.

அவள் புருஷன் சின்னதுரை அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன். ஆள் மலை மாதிரி இருப்பான். மூட்டையை ஒற்றை ஆளாய் லாரியில் ஏற்றுகிறவனுக்கு இரண்டு சக்கரத்தின் மேல் உட்கார மட்டும் வரவில்லை. கடன் உடன் வாங்கி சைக்கிளை எடுத்து, பால் ஊற்றுகிற வேலையைப் பிடித்தது அவன்தான். முதல் நாளே கேனோடு வாய்க்காலில் விழுந்தான். இரண்டாம் நாள் விழுந்தது வேலியில். மூன்றாம் நாள் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "மூட்டையத் தூக்கச் சொல்லு, தூக்கறேன். இந்த சனியன் மேல ஏறச் சொல்லாதே" என்று சொல்லிவிட்டான். அப்படியானால் நான் ஏறுகிறேன் என்று கண்ணகி ஏறினாள். கேரியரைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையில் அவள் பின்னால் ஓடி ஓடிக் கற்றுக் கொடுத்தவனும் அவன்தான். தனக்குத் தெரியாததைக் கற்றுக் கொடுத்த வாத்தியார் என்று அவனை நான் கேலி செய்வேன். அவனுக்கு அதில் பெருமைதான்.

அந்தச் சைக்கிளில் இருந்து இறங்குவது சாதாரணக் காரியம் இல்லை. பின்னால் கேன் இருப்பதால் ஆண்களைப் போலக் காலைப் பின்பக்கம் சுழற்ற முடியாது. முன்னால் பார் இருப்பதால் அப்படியே குதிக்கவும் முடியாது. ஏதாவது ஒரு கல்லையோ படியையோ பார்த்து, வேகத்தைக் குறைத்து, இடது காலை அதில் ஊன்றி, பிறகு மெதுவாக மறு காலை எடுக்க வேண்டும். ஏறுவதற்கும் அதே கல் வேண்டும். அவள் வருகிற வழியில் எங்கெங்கே கல் இருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம். இப்படி இருக்க, எதிரே வருகிற ஒவ்வொருவருக்கும் இறங்கி வழிவிட்டுக்கொண்டிருந்தால் பால் தயிராகிவிடும். அதனால் அவள் தூரத்தில் வரும்போதே மணியடித்துவிடுவாள். எப்போதும் இரண்டு தரம். ஏன் என்று பிற்பாடு கேட்டேன்.

"ஒரு தரம் அடிச்சா அதட்டற மாதிரி இருக்குதுண்ணா. ரெண்டு தரம் சின்னதா அடிச்சா, வர்றேங்க, பாத்துக்கோங்கன்னு சொல்ற மாதிரி இருக்கும்."

இந்த மரியாதைதான் அவளுக்கு வினையாக வந்து முடிந்தது.

அவள் கொண்டுவரும் பாலில் பெரும்பங்கு பஸ் ஸ்டாண்டு ஜெகநாதனின் டீக்கடைக்குப் போகும். ஜெகநாதன் கெட்டவன் இல்லை, ஆனால் காலையில் அவனுக்கு மனிதத்தன்மை இருக்காது. வேலூர் போகிற முதல் பஸ்ஸின் டிரைவர், கண்டக்டர், அதில் ஏறுகிற வியாபாரிகள் எல்லோரும் அவன் கடையில் டீ குடித்துவிட்டுத்தான் ஏறுவார்கள். அதற்குள் பால் வரவில்லை என்றால் அன்றைய வியாபாரம் பாதி போச்சு. கண்ணகி பெரிய ரோடு வழியாகத்தான் வந்துகொண்டிருந்தாள். அந்த ரோட்டில் அரிசி ஆலை லாரிகள். லாரிக்காரனுக்கு சைக்கிள் என்பது கண்ணுக்கே தெரியாத பொருள். ஒதுங்கி ஒதுங்கி, மண்ணில் இறங்கி ஏறி, அவள் இரண்டு தரம் தாமதமாக வந்து சேர்ந்தாள்.

"இன்னொரு தரம் இப்டி ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவேம்மா. அப்புறம் என்மேல கோச்சுக்காதே" என்று ஜெகநாதன் சொல்லிவிட்டான்.

அந்தக் கடை போனால் மற்ற வீடுகளுக்கு ஊற்றுகிற பாலின் காசு சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூடக் காணாது. கண்ணகி மறுபடியும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போக வேண்டும். இன்றைக்கு வா, நாளைக்கு வராதே என்று யாரோ சொல்வதைக் கேட்டுக்கொண்டு வரப்பில் நிற்க வேண்டும். அந்த வாழ்க்கையை அவள் பார்த்தாகிவிட்டது. திரும்பிப் போக அவளுக்கு இஷ்டமே இல்லை. அதனால்தான் மறுநாள் குறுக்கு வழியாக இருக்கட்டும் என்று எங்கள் தெருவுக்குள் சைக்கிளை விட்டாள்.

எங்கள் தெருவில் விடிந்ததும் பாவு போடுவார்கள். புடவைக்கு நீளவாக்கில் போகிற பட்டு இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்குமே, அவற்றை மொத்தமாகத் தெருவோடு நீளமாய் இழுத்துக் கட்டி, கஞ்சித் தண்ணீர் தெளித்து, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் காயவைத்து எடுப்பார்கள். தெருவின் வடக்குப் பாதியைப் பாவு எடுத்துக்கொள்ளும். தெற்கே சாக்கடை ஓரமாக மிஞ்சுகிற ஒற்றையடிப் பாதைதான் மற்ற எல்லோருக்கும். தண்ணீர்க் குடம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கோயிலுக்குப் போகிற கிழவர்கள், சைக்கிள்கள், ஆடுகள் எல்லாம் அதில்தான்.

பாவு கட்ட வாசலில் இரண்டு கல் நட்டிருக்கும். பாவின் ஒரு தலைக் கல்லருகே வீட்டுக்காரர் நிற்பார். மறு தலைக் கல்லில் சுற்றிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் நிற்பார். இழு, விடு என்று இங்கிருந்து கத்தினால் அங்கே கேட்காது. கேட்டாலும் நாலு வீட்டுக் குழந்தை எழுந்து அழும். அதற்காக வீரபாகு என்கிற நெசவாளர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஒரு பழைய சைக்கிள் மணியைத் தன் பாவுக்கல்லில் கட்டி வைத்துக்கொண்டார். ஒரு தரம் அடித்தால் கயிற்றை இறுக்கு. இரண்டு தரம் அடித்தால் தளர்த்து. நல்ல யோசனை என்று தெருவே அதைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து பாவு நேரத்தில் எங்கள் தெருவில் எந்த சைக்கிள்காரனும் மணியடிக்க மாட்டான். இது எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே யாரும் யாருக்கும் சொன்னது கிடையாது.

நான் கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். கண்ணகியின் சைக்கிள் முனையில் திரும்பியது. நீளமாக அரக்குச் சிவப்பில் பட்டு விரிந்து கிடப்பதைப் பார்த்து அவள் வாயைப் பிளந்துகொண்டே வந்தாள். அது வீரபாகுவின் பாவு, யாரோ ஒரு வீட்டுக் கல்யாணப் புடவைகளுக்கானது. பாவு ஓரமாக ஆட்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். இடித்துவிடக் கூடாதே என்று அவள் தூரத்திலேயே, வழக்கம் போல, சின்னதாக, மரியாதையாக, இரண்டு தரம் மணியடித்தாள்.

மறு தலையில் வீரபாகுவின் மைத்துனன் தணிகாசலம், சொன்ன பேச்சு கேட்கிற ஆள், கயிற்றை விட்டுவிட்டான்.

கஞ்சி ஈரத்தோடு அந்த நீளப் பட்டு அப்படியே புழுதியில் போய்ப் படுத்தது. நடுவில் குனிந்திருந்தவர்கள் ஐயோ என்று எகிறினார்கள். ஒரு ஆடு மிரண்டு சாக்கடையைத் தாண்டியது. யாருக்கும் ஒரு நிமிஷம் என்ன நடந்தது என்று விளங்கவில்லை. கண்ணகிக்கு எதுவுமே விளங்கவில்லை. அவள் என் கடைப் படியில் காலை ஊன்றி இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, பாவம், உதவிக்கு வரலாமா என்கிற முகத்தோடு நின்றாள்.

வீரபாகு வந்தார். சாதாரண நாளிலேயே அவருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஒரு தரம் கல்யாண ஊர்வலத்தையே பாவு காயட்டும் என்று திருப்பி அனுப்பியவர்.

"யாரும்மா நீ? எவன் உன்ன மணி அடிக்கச் சொன்னான்?"

"அடிக்காம வந்தா இடிச்சிடுவேனேண்ணா, அதான் அடிச்சேன்."

"நீ இடிச்சிருந்தாகூடப் பரவாயில்லியே! ஒரு ஆளு விழுந்திருப்பான், எழுந்திருப்பான். இப்ப பாவே விழுந்துபோச்சு!"

கூட்டத்தில் யாரோ, "ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு இந்தத் தெருவுல இன்னா வேல?" என்று முணுமுணுத்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. கிட்டே போய், "ஏன்யா, தெருவுக்குப் பட்டா வாங்கி வெச்சிகினு இருக்கியா?" என்று கேட்டேன். முணுமுணுத்தவன் நகர்ந்துவிட்டான்.

கண்ணகி விஷயத்தைப் புரிந்துகொண்டதும் சைக்கிளை என் சுவரில் சாய்த்துவிட்டு ஓடினாள். பட்டைத் தூக்கப் போனவளை வீரபாகுவின் மனைவி அபிதகுசாம்பாள் தடுத்தாள். பால் பட்ட கை, பிசுக்கு ஏறிவிடும். "நீ இழையத் தொடாதே கண்ணு. அங்க போய்க் கயிறப் புடி. எல்லாரும் குனிஞ்சாச்சு, புடிக்க ஆளில்ல" என்றாள். கண்ணகி கயிற்றைப் பிடித்தாள். மண்ணை உதறி, மறுபடி நிமிர்த்தி, இழுத்துக் கட்டி முடிக்கும் வரை அவள் கை தளரவில்லை. கண் மட்டும் அடிக்கடி என் சுவரில் சாய்ந்திருந்த பால் கேன்கள் பக்கம் போய் வந்தது. நடுவே ஓடிப்போய்ப் பாலைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். ஓடிவிட்டாள் என்று ஒருவன் சொல்லக் கூடாது என்று நின்றாள்.

பாவு நேரானதும் வீரபாகு நன்றி சொன்னார் என்று நினைத்தால் உங்களுக்கு அவரைத் தெரியாது. "இனிமே இந்தத் தெருவுல உன் சைக்கிளப் பாக்கக் கூடாது" என்றார். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். முதல் பஸ் எப்போதோ போயிருந்தது. ஜெகநாதன் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று குதித்திருக்கிறான். அவள் கெஞ்சியதில், போனால் போகிறது, இனி ஒரு தரம்கூடப் பொறுக்க மாட்டேன் என்று இறங்கி வந்தான்.

அப்புறம் அவள் பெரிய ரோடு வழியாகவே வந்து போனாள். இருட்டோடு கிளம்பி, லாரிகள் வெளியே வருவதற்குள் தாண்டிவிடப் பார்த்தாள். சில நாள் முடிந்தது.

ஒரு நாள் நானும் வீரபாகுவும் சேர்ந்து வேலூருக்குப் போக பஸ் ஸ்டாண்டு வந்திருந்தோம். எனக்கு நூல்கண்டும் பட்டனும் வாங்க வேண்டும், அவருக்கு ஏதோ சொந்தக்காரர் வீட்டு விசேஷம். ஜெகநாதன் கடையில் டீ கேட்டோம். பால் வரவில்லை என்று கறுப்பாக ஒன்றைக் கொடுத்தான். வீரபாகு ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார்.

"இன்னாய்யா இது, சாயப் பட்டறத் தண்ணியா?"

"பால்காரம்மா இன்னும் வரல மொதலியாரே. நான் இன்னா பண்றது?"

அப்போதுதான் கண்ணகி வந்தாள். சைக்கிளில் வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தாள். முன் சக்கரம் வளைந்து எட்டுப் போட்டிருந்தது. முழங்கையில் தோல் உரிந்து மண்ணும் ரத்தமுமாக இருந்தது. ஒரு கேன் நசுங்கி, அதிலிருந்த பால் பாதி ரோட்டுக்குப் போயிருந்தது. லாரி ஒன்று உரசாமல் உரசிப் போக, அவள் பள்ளத்தில் விழுந்திருக்கிறாள். அந்தக் கோலத்திலும் அவள் கேட்ட முதல் கேள்வி, "பஸ் போயிடுச்சாண்ணா?" என்பதுதான்.

நான் சைக்கிளை வாங்கிப் பிடித்துக்கொண்டேன். ஜெகநாதனுக்கும் பாவமாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் அவன் வியாபாரி. "நாளைக்கு ஒரு நாள் பாப்பேன்மா. நாளைக்கும் இப்டின்னா விட்டுடு. உனக்கும் நல்லது" என்றான்.

வீரபாகு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, ஏன் லாரியில போய் முட்டிகினு வர்றே? எங்க தெரு வழியா வந்தா இன்னா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மனுஷன் சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்கிறார்!

"நீங்கதானேண்ணா வரக்கூடாதுன்னீங்க?"

"கோவத்துல ஒருத்தன் ஆயிரம் சொல்லுவான். அதயெல்லாம் புடிச்சிகினு இருப்பாங்களா? மணி அடிக்காதே. அவ்ளோதான். வா."

கண்ணகி கொஞ்சம் யோசித்தாள். "வர்றேன்னு வெச்சுக்கோங்க. வழி எங்கண்ணா இருக்குது? அன்னிக்கே பாத்தேனே. கேன் ரெண்டும் ரெண்டு பக்கம் துருத்திகினு நிக்குது. இந்தப் பக்கம் சாக்கட, அந்தப் பக்கம் உங்க கல்லு. எதிர்ல ஒரு கொடம் வந்தா நான் எங்க போவேன்? உங்க பட்டு மேலதான் சாயணும்."

வீரபாகு மீதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு பஸ் ஏறினார். பஸ்ஸில் வேலூர் வரைக்கும் அவர் பேசவே இல்லை. வாய் மூடினால் அவர் எதையோ தீர்மானிக்கிறார் என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் ஊர் திரும்பியதும் அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். பாவு கட்டுகிற இரண்டு கல்லையும் தோண்ட ஆரம்பித்தார்.

எங்கள் தெருவில் இதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டும். பாவுக்கல் என்பது சும்மா நட்டு வைத்த கல் இல்லை. தாத்தா நட்ட இடத்தில்தான் பேரன் பாவு கட்டுவான். வீட்டை விற்றாலும் கல்லின் இடத்தைப் பற்றித் தனியாகப் பேச்சு நடக்கும். வீரபாகுவும் அவருக்கு அடுத்த வீட்டில் இருந்த சொந்த அண்ணன் கந்தசாமியும் பல வருஷமாகப் பேசிக்கொள்வதே இல்லை. காரணம் கல்தான். பாகம் பிரித்தபோது அண்ணனுடைய கல் நாலு விரல் அளவு தன் பக்கம் வந்துவிட்டது என்று வீரபாகு. வரவில்லை என்று கந்தசாமி. நாலு விரலுக்காக நல்லது கெட்டதில்கூட முகம் பார்க்காதவர், இப்போது தன் கல்லைத் தானே பிடுங்கி, ஒரு முழம் தன் வீட்டுப் பக்கமாகத் தள்ளி நட்டுக்கொண்டிருந்தார். வாசலில் காலை வைத்தால் பாவில் முட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவு நெருக்கம்.

தெரு வேடிக்கை பார்த்தது. "ஒரு பால்காரிக்காகவா கல்ல நவுத்துவாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"என் கல்லு. என் வாசல். உனக்கு இன்னா பேஜாரு?" என்றார் வீரபாகு.

அபிதகுசாம்பாள் மண்ணை மிதித்து இறுக்கிக்கொண்டே, "இனிமே இவரு கோவத்துல வெளிய ஓட முடியாது. ஓடினா பாவுல விழணும். எனக்கு நிம்மதி" என்றாள்.

கந்தசாமி தன் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

ஆலையிலிருந்து திரும்பிய சின்னதுரையிடம் நான் விஷயத்தைச் சொல்லி அனுப்பியிருந்தேன்; மறுநாள் காலை கண்ணகி வந்தாள். முழங்கையில் துணி கட்டியிருந்தாள். சின்னதுரை சக்கரத்தை எப்படியோ நிமிர்த்திக் கொடுத்திருந்தான். என் கடைப் படியில் இறங்கி, "ஓரமா பால் வருதுங்கோ" என்று குரல் கொடுத்துக்கொண்டே தள்ளிக்கொண்டு போனாள். எனக்கு டீ குடிக்கிற நேரம். அவள் பின்னாலேயே நடந்தேன். உண்மையைச் சொன்னால் டீ ஒரு சாக்குதான்.

வீரபாகுவின் பாவு நேற்றைய இடத்தைவிட ஒரு முழம் உள்ளே இருந்தது. எதிரே அபிதகுசாம்பாள் குடத்தோடு வந்தாள். கண்ணகி சைக்கிளை அணைத்து நின்று, "நீங்க போங்கக்கா, தண்ணி கனம்" என்றாள். "நீ போ கண்ணு, பால் கெட்டுடும்" என்றாள் அபிதகுசாம்பாள். நீ போ, நீங்க போங்க என்று இருவரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். "யாராவது ஒருத்தர் போய்த் தொலைங்களேன், பஸ் போயிடப் போவுது!" என்று வீரபாகு பாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். அபிதகுசாம்பாள் போனாள். பட்டில் ஒன்றும் உரசவில்லை.

அப்புறம்தான் சிக்கல். வீரபாகுவின் பாவு முடிகிற இடத்தில் கந்தசாமியின் கல் ஆரம்பிக்கிறது. அது பழைய இடத்திலேயே, தெருவுக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. அதில் நீலப் பாவு ஒன்று ஈரத்தோடு கட்டியிருந்தது. கண்ணகி அளந்து பார்த்தாள். சைக்கிள் போகும். கேன் போகாது. சைக்கிளைப் பின்னால் திருப்பவும் இடமில்லை. அவளுக்குப் பின்னால் இரண்டு குடமும் ஒரு பள்ளிக்கூடப் பையும் நானும் நின்றிருந்தோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது. கண்ணகியின் முகத்தில் அப்போதுதான் முதல் தடவையாக நான் பயத்தைப் பார்த்தேன். இத்தனைக்கும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கந்தசாமியின் பட்டில் படாமல் சைக்கிளைத் தன் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் சாக்கடை விளிம்பில் வழுக்க, அப்படியே நின்றாள்.

கந்தசாமி பார்த்தார். கல்லை இப்போது பிடுங்க முடியாது. பாவு ஈரம். அவர் பாவுக்குக் கீழே குனிந்து இந்தப் பக்கம் வந்தார். வயதானவர், முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தார். ஒரு கேனைக் கழற்றிக் கையில் எடுத்தார். எடுத்ததும் சைக்கிள் மறுபக்கம் சாய்ந்தது. "ஐயோ, அதையும் யாராவது புடிங்களேன்!" என்று கண்ணகி கத்தினாள். தன் பாவுக்கு அடியில் நுழைந்து பக்கத்தில் வந்து நின்றது வீரபாகுதான். அவர் மறு கேனைக் கழற்றிக்கொண்டார்.

சைக்கிள் கல்லைத் தாண்டியது. ஆனால் கேனைத் திரும்பக் கட்ட நேரமில்லை. மறுபடியும் ஹாரன். கண்ணகி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓட, இந்தப் பக்கம் ஒரு கேனோடு கந்தசாமியும் அந்தப் பக்கம் ஒரு கேனோடு வீரபாகுவும் அவளோடு வேகமாக நடந்தார்கள். அண்ணன் தம்பி இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடப்பதைத் தெரு பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை.

"அவன மெதுவா நடக்கச் சொல்லும்மா. கேன ஆட்றான், பால் சிந்துது" என்றார் கந்தசாமி.

"மெதுவா நடந்தா பஸ் நிக்குமான்னு அவரக் கேளும்மா" என்றார் வீரபாகு.

"அண்ணா, அவரு மெதுவா நடக்கச் சொல்றாரு. அண்ணா, இவரு பஸ் நிக்குமான்னு கேக்கறாரு" என்று கண்ணகி மூச்சிரைக்க இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டே ஓடினாள். பயமெல்லாம் போய் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பில் சைக்கிள் கோணலாகப் போனது.

"பாத்து வாம்மா!" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஜெகநாதன் கடை வாசலில் காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பால் அடுப்பில் ஏறியது. பெரிய மனிதர்கள் இரண்டு பேர் கேன் தூக்கிக்கொண்டு வந்ததில் ஜெகநாதனுக்குக் கை ஓடவில்லை. பெஞ்சைத் துடைத்தான், மறுபடி துடைத்தான். நான் ஒரு ஓரமாக நின்றுகொண்டேன். அண்ணன் பெஞ்சின் இந்த நுனியிலும் தம்பி அந்த நுனியிலும் உட்கார்ந்தார்கள். முதல் டீயை ஆற்றி ஜெகநாதன் வீரபாகுவிடம் நீட்டினான்.

வீரபாகு வாங்கவில்லை. தெருப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "அண்ணனுக்கு மொதல்ல குடு."

கந்தசாமி டம்ளரை வாங்கிக்கொண்டார். கண்களைத் துண்டில் துடைத்துக்கொண்டார், டீ ஆவி பட்டது போல. பிறகு திரும்பி, கடைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற கண்ணகியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஓடி வந்தவ நீ. இங்க வா. மொதல் டீ உனக்கு."

அவள் தயங்கினாள். ஜெகநாதனைப் பார்த்தாள். அவன் பெஞ்சின் நடுவைத் துண்டால் தட்டிவிட்டான். சைக்கிளை என்னிடம் கொடுத்துவிட்டு, புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு, அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள். ஜெகநாதன் கடைக்கு அவள் எத்தனையோ மாதமாகப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பாலில் போட்ட டீயை அந்த பெஞ்சில் உட்கார்ந்து அவள் குடித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.